முன்பிடி

நவம்பரில் முதல் பனி விழுந்த வாரம் அது. மலைமீட்புக் குழுவின் கொட்டகையில் நேஷா கயிறுகளை உலரப் போட்டுக்கொண்டிருந்தாள். அஷ்பே அவளை உரசிக்கொண்டு கடந்து போனான். ஜூனிப்பர் சாராயத்தின் காட்டமான நெடி அவனோடு வந்து, அவன் போன பிறகும் அங்கேயே நின்றது. வெளியே அப்போதுதான் இருட்டத் தொடங்கியிருந்தது.

அன்றைக்கு அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சிவ்கா மலையடியில் குளிருக்கு ஒரு வாய் ஊற்றிக்கொள்ளாதவர்கள் குறைவு. ஆனால் அடுத்த வாரமும் அதே நெடி. அதற்கடுத்த வாரம் கொட்டகைப் படியில் கால் இடறி, கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மேசை ஓரத்தில் இருந்த தேநீர்க் கோப்பையைத் தட்டிவிட்டான். காலடியிலேயே கிடந்த ஊன்றுகோலை எவன் எடுத்தது என்று சத்தம் போட்டான். அங்கிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டிசம்பரில், மாலையானால் வண்டி ஓட்டுவதையே நிறுத்திவிட்டான். நேஷாவின் காரில் தொற்றிக்கொண்டு வீடு திரும்பினான்.

"அந்த மட்டுக்காவது புத்தி இருக்கு," என்றான் மிரான்.

மிரானுக்கு அதைச் சொல்ல உரிமை உண்டு. சில வருஷங்களுக்கு முன்னால் அவன் குடித்துவிட்டு மீட்பு வேலைக்கு வந்து மாட்டிக்கொண்டவன். ஒரு குளிர்காலம் முழுக்க அவனை விலக்கி வைத்தார்கள். அடுத்த குளிர்காலம் ஒவ்வொரு முறையும் போதை காட்டும் குழாயில் ஊதிக் காட்டிவிட்டுத்தான் மலையேறினான். எல்லோரும் கேலி செய்தார்கள். அதற்கப்புறம் எல்லோரும் மறந்தார்கள்.

நேஷாவால் அப்படி விட முடியவில்லை. ஆறு குளிர்காலமாக அவளும் அஷ்பேயும் ஒரே படகில் ஜோடி. படகு என்று அவர்கள் சொல்வது, அடிபட்டவரைப் படுக்கவைத்துக் கட்டி, பனியில் இறக்கிக் கொண்டுவரும் தகரச் சறுக்குவண்டியை. முன்னால் இரண்டு பிடிகள், பின்னால் இரண்டு பிடிகள். முன்பிடிக்காரர் ஸ்கீயில் நின்றபடி வழி பார்த்து இழுப்பார். பின்பிடிக்காரர் படகு ஓடிவிடாமல் இழுத்துப் பிடிப்பார். அஷ்பே எப்போதும் முன்னால். பகலில் கூரை வேய்கிறவன். தேவாலயத்துக் கூரை முகட்டில் பூனை மாதிரி நடப்பான். அவன் கால்களை நம்பாமல் யாருடைய கால்களை நம்புவது?

புத்தாண்டுக்குப் பிறகு ஒரு நாள், வெளிச்சம் போகிற நேரத்தில், முழங்கால் திரும்பிப்போன ஒரு ஹங்கேரிப் பெண்ணை இறக்கிக்கொண்டு வந்தார்கள். நெற்றிவிளக்கு போடும் அளவுக்கு இன்னும் இருட்டவில்லை. செயற்கைப் பனி அடிப்பதற்காக நட்டிருந்த, நேராகக் கண்ணுக்குத் தெரிந்த ஒரு குழாய்க் கம்பத்தில் அஷ்பே படகைக் கொண்டுபோய் மோதினான். நேஷா பின்னால் பனியில் உட்கார்ந்து இழுத்துப் பிடித்திருக்காவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும். அந்தப் பெண்ணுக்குத் தோள் எலும்பு உடைந்தது. பனிக்கட்டியில் ஸ்கீ வழுக்கிவிட்டது என்றான் அஷ்பே. நேஷா மறுநாள் போய்ப் பார்த்தாள். அங்கே பனிக்கட்டி இல்லை.

ஜனவரிக் கடைசியில் லெனார்த் தபால் நிலையத்துக்கு வந்தார். நேஷா அங்கேதான் வேலை பார்த்தாள். அவர் மீட்புக் குழுவின் தலைவர். அதற்கு முன்னால் அவளுடைய பள்ளிக்கூடத் தலைமையாசிரியர். மலையில் ஒரு வழக்கம் உண்டு. ஆயிரம் மீட்டர் என்று எழுதிய பலகையைத் தாண்டிவிட்டால் யாரும் யாரையும் 'நீங்க' என்று அழைப்பதில்லை. மேலே அவளுக்கு அவர் வெறும் லெனார்த். கீழே, தபால் நிலையத்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றால், அவளுக்குத் தன்னை அறியாமல் முதுகு நிமிர்ந்துவிடும். அதனால்தான் அவர் இங்கே வந்திருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது.

தேவையில்லாத ஒரு தபால்தலையை வாங்கினார். சனிக்கிழமை அவளுக்கும் அஷ்பேக்கும் இருட்டுச் சோதனை என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பின்னாடியிருந்து அவனைப் பாரு. குடிக்கிறானான்னு எனக்குத் தெரியணும்."

"நீங்களே கேக்கலாமே, சார்."

"கேட்டா இல்லைம்பான். அப்புறம் நான் அவன நம்பணும், இல்ல நம்பாம இருக்கணும். ரெண்டுமே கஷ்டம்."

இருட்டுச் சோதனை எப்படி என்று இருவருக்கும் தெரியும். மணல் மூட்டை ஏற்றிய படகை, விளக்குக் கம்பங்களே இல்லாத வடக்குச் சரிவில் மேல்குடிலிலிருந்து இறக்க வேண்டும். முதல் பாதி நெற்றிவிளக்கோடு. நடுவழியில் ஒற்றையாக நிற்கும் தேவதாரு மரத்தடியில் விளக்கை அணைத்துவிட வேண்டும். மீதிப் பாதி இருட்டில். ஒருமுறை குளிரில் மின்கலம் செத்துப்போய், விடியும்வரை இரண்டு பேர் ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு அதே மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்குக் கால்விரல்கள் போயின. அதிலிருந்து இந்தப் பழக்கம். கீழே வந்து சேர்ந்ததும் தலைவர் பின்பிடிக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: முன்னால் நின்றவர் இழுக்கும் படகில் நீ படுப்பாயா? அந்தப் பதிலை வைத்துத்தான் அந்தக் குளிர்காலத்தில் முன்பிடிக்காரருக்கு வேலை உண்டா இல்லையா என்பது.

இதுவரை ஐந்து முறை அவள் "படுப்பேன்" என்று சொல்லியிருந்தாள். யோசித்ததே இல்லை.

சனிக்கிழமை மாலை ஏறத் தொடங்கினார்கள். பயணிகளை மேலேற்றும் இழுவைக் கம்பிகள் நின்று, எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். வேலை முடிந்து வந்த உள்ளூர்க்காரர்கள் சிலர் பின்னால் வழுக்காமலிருக்க ஸ்கீக்கு அடியில் தோல்பட்டை ஒட்டிக்கொண்டு மலை ஓரமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். கீழிருந்து பார்த்தால் அவர்களுடைய விளக்குகள் யாரோ அறுத்துவிட்ட மணிமாலை மாதிரி இருக்கும். பனியைச் சீவும் எந்திரத்தின் ஓட்டுநர் ரேடியோவில் வந்து, அவர்கள் இறங்கி முடிக்கும்வரை எந்திரத்தைத் தாங்கும் இரும்புக் கயிற்றைச் சரிவில் இழுத்துக் கட்டமாட்டேன் என்றார். அதற்காகக் குடிலில் உட்கார்ந்து விருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டாம் என்றும் சொன்னார்.

அஷ்பே அவளுக்குப் பின்னால், அவள் போட்ட தடத்திலேயே வந்தான். புதிதாக ஒரு நெற்றிவிளக்கு வாங்கியிருந்தான். கார் விளக்கு மாதிரி அடித்தது. அவளுடைய நிழல் அவளுக்கு முன்னால் நீண்டு மரங்களின்மேல் ஏறியது. இவ்வளவு வெளிச்சம் எதற்கு என்று கேட்டாள். வயசாகிறதில்லையா என்றான். அவனுக்கு நாற்பத்தைந்துகூட ஆகவில்லை. வழியெல்லாம் அவள் மூக்கைத் திருப்பித் திருப்பி மோப்பம் பிடித்துக்கொண்டே போனாள். நெடி இல்லை. அதுவும் அவளை உறுத்தியது. குடித்துவிட்டு வரவில்லை என்றால், மேலே போய்க் குடிக்கப்போகிறான். பிடிபடாமல் குடிக்க இடமும் நேரமும் பார்த்து வைத்திருக்கிறான்.

குடிலை நடத்தும் ஃபானிகா புகையிறைச்சி போட்ட பார்லிக் கஞ்சி வைத்தாள். அஷ்பே சுவரோரம் உட்கார்ந்து, கோப்பையை முதலில் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு எடுத்தான். கொஞ்ச நேரத்தில் காற்று வாங்கிவிட்டு வருகிறேன் என்று வெளியே போனான். திரும்பி வந்தபோது நெடி வந்தது.

"அடுப்புப் பக்கம் வராத," என்றாள் ஃபானிகா. "உன்மேல தீப்பிடிச்சா உன்னப் படகுல ஏத்த யாரு இருக்கா? இவ ஒருத்திதானே."

அஷ்பே அவளையும்விடச் சத்தமாகச் சிரித்தான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி இருந்ததை நேஷா பார்த்தாள். குட்டு வெளிப்பட்டவனுக்கு வருகிற முகம் இல்லை அது. காரியம் நடந்துவிட்டது என்கிற முகம்.

கிளம்பும்போது அவன் மறுபடி முன்னால் வெளியேறினான். படகை எடுக்க நேஷா குடிலைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். மின்கலத்தைச் சேமிக்க விளக்கைப் போடவில்லை. நட்சத்திர வெளிச்சத்தில் பனி போதுமான அளவு பளிச்சென்றிருந்தது. விறகு அடுக்கின்மேல் அஷ்பேயின் நெற்றிவிளக்கு கழற்றி வைக்கப்பட்டு, சுவரைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் அவன் சின்ன உலோகக் குடுவையைத் திறந்தான். ஒரு வாய் எடுத்தான். கன்னத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொப்பளித்தான். துப்பினான். பிறகு உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி, திருவிழாவுக்குப் போகிறவன் அத்தர் பூசுவதுபோலக் கழுத்துப்பட்டியில் தடவிக்கொண்டான்.

அப்படியே அவள் பக்கம் திரும்பினான். நேராக அவள் முகத்தைப் பார்த்தான். நடுவில் நாலைந்து அடிதான் இருக்கும். அவள் மூச்சை அடக்கிக்கொண்டாள். அவன் குடுவையை மூடிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, விளக்கை எடுத்து மாட்டிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் மறுபக்கமாகப் போய்விட்டான்.

பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறான் என்றுதான் நினைத்தாள். படகின் வார்களை இறுக்கிக்கொண்டே யோசித்தாள். குடிக்கிறவன் நெடியை மறைப்பான். கிராம்பு மெல்வான், பூண்டு தின்பான். நெடியை எடுத்துப் பூசிக்கொள்கிறவன் எதை மறைக்கிறான்? குழுவிலிருந்து துரத்தப்பட வேண்டும் என்று ஆசைப்படுகிறானா? அந்த ஹங்கேரிப் பெண் வழக்குப் போடப்போகிறாளா? பயந்துபோய்விட்டானா? அல்லது லெனார்த்தும் இவனும் சேர்ந்துகொண்டு அவளைத்தான் சோதிக்கிறார்களா? கடைசியாக வந்த நினைப்பு அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் அது போக மறுத்தது.

முதல் பாதி நன்றாகவே இறங்கினார்கள். எந்திரம் முந்தைய நாள் சீவிவிட்ட பனி இறுகிப்போய், ஸ்கீயின் அடியில் கடகடவென்று சத்தம் போட்டது. அவனுடைய விளக்கு முன்னால் ஒரு வெள்ளை அறையைத் தள்ளிக்கொண்டே போனது. அந்த அறைக்குள் அவன் திருப்பங்கள் எப்போதும்போல் அழகாக இருந்தன. நேஷா வழக்கம்போல் பின்னாலிருந்து பேசிக்கொண்டே வந்தாள்: இடப்பக்கம் மேடு வருது, கொஞ்சம் உள்ளே வா, மெதுவா, இப்ப விடு. அவளுக்கு 'ரேடியோ' என்று குழுவில் பட்டப்பெயர். ஆறு வருஷமாக அவள் வாய் ஓய்ந்ததில்லை.

ஒற்றைத் தேவதாரு வந்தது. நின்றார்கள். அவன் விளக்கை அணைத்தான். அவளும் அணைத்தாள்.

இந்த நொடியை நேஷா ஒவ்வொரு வருஷமும் எதிர்பார்ப்பாள். விளக்கு எரியும்வரை உலகம் ஒரு சின்ன அறை. அணைத்ததும் சுவர்கள் விழுந்து, மலை மொத்தமும் உள்ளே வந்துவிடும். மெல்ல ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பிக்கும். முதலில் எதிர்ச்சரிவின் காட்டுக்கோடு. பிறகு பனியில் காற்று வரைந்த மடிப்புகள். பிறகு தன்னுடைய கையுறை, படகின் விளிம்பு, அவன் காலணியின் கொக்கிகள்கூட. நிலா இல்லை. பனிக்கு நிலா தேவைப்படவில்லை.

அவள் பேசாமல் நின்றாள். வேண்டுமென்றேதான்.

"என்ன, ரேடியோ நின்னுபோச்சா?" என்றான் அவன்.

அவள் பின்பிடியை விட்டுவிட்டு, ஸ்கீயைக் கழற்றி, படகைச் சுற்றிக்கொண்டு அவனுக்கு முன்னால் வந்தாள். பனி நொறுங்கும் சத்தத்துக்கு அவன் தலையைத் திருப்பினான். அவள் நின்றதும் தலை நின்றுவிட்டது. அவள் நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி.

"தேநீர் வேணுமா?" என்றாள்.

"கொடு."

அவள் பையிலிருந்து தேநீர்க் குடுவையை எடுத்து நீட்டினாள். அவனும் கையை நீட்டினான். அவனுடைய கை குடுவைக்கு ஒரு சாண் இடப்பக்கம், காற்றில் விரிந்து நின்றது. அவள் அசையவில்லை. அவனும் காத்திருந்தான். அவன் முகத்தில் பொறுமை இருந்தது, யாரோ மூடியைத் திறந்துகொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துக் காத்திருக்கிறவனுடைய பொறுமை.

"கொடுன்னா."

"அங்க இல்ல, அஷ்பே."

கை மெதுவாகக் கீழே இறங்கியது. அவன் பின்னால் தடவிப் படகின் விளிம்பைக் கண்டுபிடித்து, அதில் உட்கார்ந்தான். கீழே எங்கோ எந்திரம் முனகிக்கொண்டிருந்தது.

எவ்வளவு நாளாக என்று கேட்டாள். போன வசந்தத்திலிருந்து தனக்குத் தெரியும் என்றான். அதற்கு முன்னாலேயே இருந்திருக்கும். தலைநகர் லியுப்லியானாவில் கண் மருத்துவர் நீளமாக ஒரு பெயர் சொன்னாராம். மாலைக்கண்தான், ஆனால் மருந்தில் போகாத வகை. பகலில் எந்தக் குறையும் இல்லை, உன்னைவிட நன்றாகவே தெரியும் என்றான். விளக்கு இருந்தால் விளக்கு விழும் இடம் தெரியும். மற்றதெல்லாம் கரி.

"அப்ப அந்தக் கம்பம்?"

"எனக்குத் தெரியல."

"பனிக்கட்டின்னு சொன்ன."

"இந்த மலையில எது எங்க இருக்குன்னு என் காலுக்குத் தெரியும், நேஷா. அந்தக் கம்பத்த இந்த வருஷம் நாலு மீட்டர் தள்ளி நட்டிருக்காங்க. அத எவனும் எங்கிட்ட சொல்லல."

அவள் அந்தப் பெண்ணின் முகத்தை நினைத்துக்கொண்டாள். படகில் கட்டப்பட்டவர்களுக்கு ஆகாயம் மட்டும்தான் தெரியும். முன்னால் போகிறவனுக்கு என்ன தெரிகிறது என்பது தெரியாது.

"இருட்டுல இத்தனை நாளா எப்படி இறங்கின?"

"நீதான் பேசிட்டே வருவியே," என்றான். "இடம், வலம், மேடு, பள்ளம். அது போதும்னு நெனச்சேன்."

அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. கண் தெரியாததற்காக இல்லை. தன் வாயை அவளுக்குத் தெரியாமலே எடுத்துப் பயன்படுத்தியதற்காக. வெறும் அரட்டை என்று நினைத்துப் பேசியதை நம்பி அவன் படகை இழுத்திருக்கிறான். ஒரு நாள் அவள் தும்மியிருந்தால்? வேறு ஏதோ நினைப்பில் இருந்திருந்தால்? அன்றைக்குக் கம்பத்துக்கு முன்னால் அவள் ஹங்கேரிப் பெண்ணிடம் ஊர் எது என்று கேட்டுக்கொண்டு வந்தது இப்போது ஞாபகம் வந்தது.

"சாராயம் எதுக்கு?"

"குடிகாரனுக்கு ஒரு குளிர்காலம்தான் தண்டனை. மிரானப் பாத்தல்ல? திரும்பி வந்துட்டான். கண்ணு போச்சுன்னா திரும்பி வர முடியுமா?" அவன் கையுறையைக் கழற்றி முகத்தைத் தேய்த்துக்கொண்டான். "எங்கப்பாவ ஊர்ல என்னன்னு கூப்பிட்டாங்க தெரியுமா? கோழி. பொழுது சாஞ்சா கூண்டுக்குள்ள போயிடுவாரு, வெளிய வரமாட்டாரு. பசங்க வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு கொக்கரிப்பாங்க. நானும் அவங்களோட சேந்து கொக்கரிச்சிருக்கேன். யாரு வீட்டுக் கோழின்னு தெரியாத மாதிரி."

பிறகு அவன் கேட்டான். குரலில் கெஞ்சல் இல்லை. யோசித்து வைத்த கணக்கைச் சொல்கிறவன்போலச் சொன்னான். கீழே போனதும் லெனார்த் கேட்பான். படுக்கமாட்டேன் என்று சொல். குடித்திருக்கிறான் என்று சொல். இந்தக் குளிர்காலம் நான் படகைத் தொடமாட்டேன், யாருக்கும் ஆபத்து இல்லை. அடுத்த வருஷத்தை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

"பொய்யின்னுகூட அதச் சொல்ல முடியாது. வாசனை அடிக்குதுல்ல?"

எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. யாரும் அடிபடமாட்டார்கள், அவன் இடமும் பறிபோகாது. அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வருஷம் வரும். அவன் குழாயில் ஊதுவான். குழாய் சுத்தம் என்று சொல்லும். எல்லோரும் தோளில் தட்டி முன்பிடியைக் கொடுப்பார்கள். அதற்குள் இன்னும் எங்கெங்கே கம்பத்தை மாற்றி நட்டிருப்பார்களோ.

"எழுந்திரு," என்றாள். "இறங்கலாம். நான் முன்னாடி நிக்கறேன்."

அவன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். அவள் திருத்தவில்லை.

முன்பிடியில் நின்று இருட்டில் அவள் இறங்கியது அதுதான் முதல்முறை. எதிரே யாருடைய முதுகும் இல்லாமல் சரிவு நேராக அவள்மேல் திறந்துகொண்டது. பின்னால் அவன் இருப்பதே தெரியவில்லை. படகு தள்ளவும் இல்லை, இழுக்கவும் இல்லை. அவள் திரும்ப நினைப்பதற்கு அரை நொடி முன்னாலேயே எடை சரியான பக்கம் சாய்ந்திருந்தது. அவன் கைகளால் கேட்டுக்கொண்டு வந்தான். இப்படி ஒரு பின்பிடிக்காரனா என்று ஒரு திருப்பத்தில் வியந்தாள். அடுத்த திருப்பத்தில், இதையும் அவன் நடிக்கிறானோ என்று நினைத்தாள். இன்றைக்கு அவனிடம் எதைப் பார்த்தாலும் அதற்கு அடியில் இன்னொன்று இருக்கும் என்றே தோன்றியது.

ஒரே ஒரு முறை அவன் பேசினான். "வலப்பக்கம் பனி மாறுது. மரத்துக்குக் கிட்ட வந்துட்ட." அவள் பார்த்தாள். ஆமாம், வந்திருந்தாள்.

லெனார்த் கீழே, கார் நிறுத்துமிடத்து விளக்கடியில், கையில்லாத கோட்டோடு நின்றுகொண்டிருந்தார். படகு வந்து நின்றது. முன்னால் நேஷா இருப்பதைப் பார்த்தார். பின்னால் அஷ்பே இருப்பதைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. வழக்கப்படி பின்பிடிக்காரன் பக்கம் திரும்பினார்.

"இவ இழுக்கிற படகுல நீ படுப்பியா?"

அஷ்பே இதை எதிர்பார்க்கவில்லை. "படுப்பேன்," என்றான்.

"நல்லது." லெனார்த் இப்போது அவள் பக்கம் திரும்பினார். "நேஷா. நான் உங்கிட்ட கேட்டிருந்தேனே?"

அஷ்பேயின் தலை சட்டென்று நிமிர்ந்தது. விளக்கடியில் அவனுக்கு அவள் முகம் நன்றாகவே தெரிந்திருக்கும். தபால் நிலையம், சனிக்கிழமை, வழியெல்லாம் அவள் பிடித்த மோப்பம் எல்லாமே அந்த ஒரு பார்வையில் அவனுக்குப் புரிந்துவிட்டது என்று அவள் கண்டுகொண்டாள். அப்படியென்றால் நீயும்தான் என்னிடம் மறைத்தாய், என்று அந்த முகம் சொன்னது.

இன்னும் ஒரு வழி இருந்தது. குடித்திருக்கிறான் என்றால் போதும். அவன் கழுத்துப்பட்டியிலிருந்து நெடி அவளுக்காகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

"குடிக்கல சார்," என்றாள். "ஒரு சொட்டுகூட உள்ள போகல. இருட்டுல அவனுக்குக் கண்ணு தெரியாது."

அஷ்பே குனிந்து மணல் மூட்டையின் வாரை அவிழ்க்க ஆரம்பித்தான்.

லெனார்த் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பகல் முறைக்கு ஆள் கம்மியா இருக்கு," என்றார் அவனைப் பார்த்து. "செவ்வாயும் வியாழனும் வா. பனிச்சரிவுத் தேடல் பயிற்சியும் இனிமே உன்னோடது. பனிக்குள்ள கம்பு குத்திப் பாக்கறதுல உன் கை மாதிரி இங்க யாருக்கும் இல்ல."

அந்தப் பதில் நேஷாவுக்கு ஏதோ சரியாகப் படவில்லை. தப்பாக எதுவும் இல்லை அதில். சீக்கிரமாக வந்துவிட்டது, அவ்வளவுதான். இப்போதுதான் கேள்விப்பட்ட ஒருவருக்குக் கிழமைகள் இவ்வளவு சுலபமாக வாயில் வராது. அவள் அவரைக் கொட்டகை வாசல்வரை தொடர்ந்து போனாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எனக்கு என்ன தெரியும்?" என்றார் அவர், சாவியைத் தேடிக்கொண்டே. "அவங்கப்பனும் நானும் ஒரே பெஞ்சுல உக்காந்து படிச்சவங்க."

"அப்புறம் எதுக்கு என்னை அனுப்பினீங்க?"

"நான் சொன்னா அது கிழவன் சந்தேகப்படறதா ஆயிடும். கூட இறங்கின ஆள் சொல்லணும்." கதவைத் திறந்தார். "படகைக் கவுத்து வை. உள்ள பனி இருக்கு."

அவள் படகைக் கவிழ்த்து வைத்தாள். அவர் தலைமையாசிரியராக இருந்தபோதும் இப்படித்தான். யார் ஜன்னல் கண்ணாடியை உடைத்தது என்று தெரிந்துகொண்டே வகுப்பு முழுக்க நிற்கவைத்துக் காத்திருப்பார். இன்றைக்குத்தான் அது அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அவர் செய்தது சரி என்பது அதைக் குறைக்கவில்லை.

அஷ்பேயை வீட்டில் விட வேறு யாரும் இல்லை. மற்றவர்கள் யாரும் வரவில்லை. லெனார்த் எதிர்த்திசையில் போக வேண்டியவர். அவன் முன் இருக்கையில் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். காருக்குள் சாராய நெடி நிறைந்தது. நேஷா ஒருமுறை, லெனார்த் கேட்டதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும் என்றாள். அவன் ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினான். செவ்வாய்க்கிழமை வருவாயா என்று கேட்டாள். அவன் அதை மறுபடி ஏற்றிவிட்டான்.

அவன் வீடு சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஆப்பிள் மரங்களுக்கு நடுவே இருந்தது. வாசலில் விளக்கு எரியவில்லை. அவள் காரைத் திருப்பி, விளக்குகள் நடைபாதைமேல் நேராக விழும்படி நிறுத்தினாள். அவன் இறங்கினான். இரண்டு அடி வைத்துவிட்டு நின்றான்.

"விளக்க அணை."

"அஷ்பே, வழுக்கும்."

"என் வீட்டு வழி. அணை."

அவள் அணைத்தாள். அவன் நடக்கத் தொடங்கினான். இருட்டில் யாருக்கும் தான் தெரியவில்லை என்ற நிம்மதியோடு, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு, காலால் ஒவ்வொரு அடியாகத் துழாவிக்கொண்டு போனான். ஆனால் பனி இருந்தது. பனி வெளிச்சத்தில் அவளுக்கு எல்லாம் தெரிந்தது: விரிந்த விரல்கள், வேலிக்கம்பைத் தொட்டதும் திரும்பிய தோள், தெரியாமல் இடறிய வாளி.

அவளுக்கு எல்லாம் தெரிகிறது என்பது அவனுக்குத் தெரியாது.

நேஷா முகத்தை மறுபக்க ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டாள். கதவு திறந்து மூடும் சத்தம் கேட்கும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.